சேலையூர்க் காந்தளும் கோவளத்துக் கொம்புத் திருக்கையும்

சேலையூரில் எனக்குக் கிடைத்த முதல் செய்தி, நான் பார்க்க வந்த செடியை முந்தின நாள்தான் வெட்டிப் போட்டுவிட்டார்கள் என்பது.

சொன்னவர் பர்வீன். கேம்ப் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. செடிகொடிகளை வரைகிறவர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் நாங்கள் நான்கு வருடமாகப் பழக்கம். நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. "வாங்கக்கா" என்று பையை வாங்கி வைத்தார், உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்து, "ஒரு பேட் நியூஸ்க்கா" என்றார்.

நான் பட்டர்வொர்த்காரி. மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற ஊர். பள்ளிச் சுவர்களில் மாட்டும் பெரிய படங்கள் வரைவது என் பிழைப்பு. எங்கள் ஊரில் ஒரு சிறுவர் நூலகம் என்னிடம் இரண்டு படங்கள் கேட்டிருந்தது. அருகி வரும் பூச்செடி ஒன்று, அருகி வரும் கடல் திருக்கை ஒன்று. இரண்டையும் அடுத்தடுத்து மாட்டுவார்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி நாலு வரியும் நானே எழுதித் தர வேண்டும். பூவையும் மீனையும் எப்படி ஒப்பிடுவது என்று நூலகப் பொறுப்பாளரைக் கேட்டேன். "அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களைக் கூப்பிட்டோம்" என்று மலாய் மொழியில் சொல்லிச் சிரித்தார் அந்த அம்மாள்.

புகைப்படத்தைப் பார்த்து வரைவது எனக்குச் சரிப்படாது. இலையின் முதுகு எப்படி இருக்கும், தண்டைத் தொட்டால் வழுக்குமா சொரசொரக்குமா என்பதெல்லாம் புகைப்படத்தில் கிடைக்காது. கார்த்திகை மழையில் தன் தெருக்கோடியில் செங்காந்தள் பூத்திருக்கிறது என்று பர்வீன் எழுதியிருந்தார். கோவளத்துக்கு ஒரு மணி நேரம்தான், அங்கே கொம்புத் திருக்கை எப்போதாவது வலையில் வரும் என்றும் எழுதியிருந்தார். நான் கிளம்பி வந்துவிட்டேன்.

இட்லியும் வடகறியும் சாப்பிட்டோம். வடகறி எனக்குப் புதிது. மசால் வடைக்கு இப்படி ஒரு மறுபிறப்பு உண்டென்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டேன். பிறகு தூறலில் குடை பிடித்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போனோம்.

காலி மனை. நேற்று வரை இடுப்பளவு புதர் இருந்த இடமாம். இப்போது வெறும் சேறு. ஓரத்தில் வெட்டிய செடிகளைக் குவித்திருந்தார்கள். குவியலுக்கு அடியிலிருந்து பர்வீன் ஒரு கொடியை இழுத்து எடுத்தார். பூக்கள் துவண்டு, ஈரக் காகிதம்போல ஒட்டிக் கிடந்தன. இலை ஒன்று மட்டும் பக்கத்துச் செடியின் குச்சியை நுனியால் இன்னும் சுற்றிப் பிடித்திருந்தது. காந்தளுக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது, இலையின் நுனியே சுருண்டு பிடித்துக்கொள்ளும். படித்திருக்கிறேன். வெட்டிய பிறகும் பிடியை விடாத இலையை அங்கேதான் பார்த்தேன்.

எதிர்வீட்டிலிருந்து ஒருவர் வந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ராகவன் சார், அந்தத் தெருச் சங்கத்தின் செயலாளர். வெட்டச் சொன்னவர் அவர்தான்.

"பாம்பு வந்துது மேடம். கொழந்தைங்க வெளையாடற எடம். என்ன பண்றது சொல்லுங்க?"

பர்வீன் கோபப்படவில்லை. "சரிதான் சார். ஆனா இந்தக் கொடி என்னன்னு தெரியுமா? செங்காந்தள். நம்ம ஸ்டேட் ஃப்ளவர்."

ராகவன் சார் துவண்ட பூவைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"நாப்பது வருஷம் கவர்மென்ட் பேங்க்ல இருந்தேன். ஸ்டேட் ஃப்ளவர் இதுன்னு எனக்குத் தெரியாது. இப்ப ஒண்ணும் பண்ண முடியாதா?"

"முடியும் சார். மண்வெட்டி இருக்கா?"

அவர் வீட்டுக்குள் போய்ச் சின்ன மண்வெட்டியோடு வந்தார். நாங்கள் இருவரும் குனிந்து தோண்ட, அவர் எங்கள் மேல் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அவர் சட்டை முழுக்க நனைந்தது. ஒரு சாண் ஆழத்தில் கிழங்கு தட்டுப்பட்டது. கவை பிரிந்த கிழங்கு, கலப்பை வடிவம். அதனால்தான் கலப்பைக் கிழங்கு என்ற பேர் என்றார் பர்வீன். வெளிர் மஞ்சளாக, கல்போலக் கெட்டியாக, மேலே நடந்தது எதுவும் தெரியாதது மாதிரி இருந்தது.

"உசிரோட இருக்குக்கா. தண்டு போனா போகட்டும். அடுத்த மழைக்கு வரும். கையக் கழுவிடுங்க, ரொம்ப விஷம்."

அந்த விஷம்தான் மருந்தும். மூட்டுவலிக்கான மாத்திரைக்கு இதன் விதையிலிருந்து சாறு எடுத்து வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள். மேற்கு மாவட்டங்களில் வயலில் பயிரே செய்கிறார்களாம். ஆனால் நடுவதற்குக் கிழங்கு வேண்டுமே, அதற்காகக் காட்டில் தோண்டித் தோண்டி எடுத்துவிட்டார்கள். ஒரு கிழங்கு வருடத்துக்கு ஒன்று இரண்டாகத்தான் பெருகும். தோண்டுகிறவருக்கு அந்தக் கணக்கு தெரியாது, தெரிந்தாலும் அவர் காத்திருக்க முடியாது.

தை மாதம் இந்த மனையில் வீடு கட்டப் போகிறார்கள். "ஓனர் எனக்குத் தெரிஞ்சவர்தான், நான் பேசறேன்" என்றார் ராகவன் சார். கிழங்கை மண்ணில் திரும்ப வைத்து மூடினோம். அவர் தன் வீட்டிலிருந்து நான்கு செங்கல் கொண்டுவந்து சுற்றிலும் வைத்தார். வேண்டுமென்று செய்த தப்பு இல்லை. தெரிந்தவுடன் ஒரு மனிதர் சட்டை நனைய நின்றாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

மறுநாள் கோவளம். பாபு என்கிற ஆட்டோக்காரரை பர்வீன் ஏற்பாடு செய்திருந்தார். நாற்பது வயதிருக்கும். காக்கிச் சட்டைப் பையில் சீப்பு. நான் எதற்காக வந்தேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர் வண்டியைக் கிளப்பினார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"திருக்கய வரையறதுக்காக்கா மலேசியாலேந்து வந்துகினே? மார்க்கெட்ல ஒண்ணு வாங்கி வூட்டாண்ட வெச்சுகினு வரஞ்சிருக்கலாமே."

"இது வேற திருக்கை. கொம்பு இருக்கும்."

"மாட்டுக்குக் கீறா மாரியா?"

கேளம்பாக்கம் சாலையில் முழங்கால் அளவுத் தண்ணீர். பாபு வண்டியை இறக்கிய வேகத்துக்கு நடுவில் வந்து நின்றுவிட்டது. "சைலென்சர்ல தண்ணி பூந்துட்சு. பேஜாராப் போச்சு" என்றார் நிதானமாக. எதிரில் சிக்கியிருந்த பேருந்திலிருந்து தொழிற்சாலை வேலைக்குப் போகும் பெண்கள் நாலைந்து பேர் சுடிதாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. ஆட்டோவைத் தள்ளி மேட்டில் ஏற்றிவிட்டுப் பேசிக்கொண்டே திரும்பப் போனார்கள். எங்கள் ஊரில் இந்நேரம் எல்லோரும் காருக்குள் உட்கார்ந்து தொலைபேசியில் உதவி கேட்டுக்கொண்டிருப்போம்.

வண்டி காயும் வரை டீக்கடையில் நின்றோம். எங்கள் ஊரில் டீயைக் கை நீளத்துக்கு இழுத்து நுரை வரவழைப்பார்கள். இங்கே ஆற்றுவதும் அதே வித்தைதான், ஆனால் கிளாஸ் கால்வாசி. இரண்டு வாய்க்குள் முடிந்துவிடும். எனக்கு மூன்று கிளாஸ் தேவைப்பட்டது.

கோவளம் போய்ச் சேர்ந்தபோது படகெல்லாம் கரையேறி, மீன் விற்று முடிந்திருந்தது. மணலில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவரிடம் பாபு போய்ப் பேசினார். அவர் பெயர் தேசிங்கு. ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். அகன்ற தோள், மெல்லிய குரல். பக்கத்தில் அவர் மனைவி கன்னியம்மா, மீன் கூடைகளை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கொம்புத் திருக்கையா? வந்தாலும் வரும், வராட்டியும் போவும். அத்தப் புடிக்கக் கூடாதுன்னு ஆபீஸருங்க வந்து சொல்ட்டுப் போயிக்கிறாங்க. நாங்க போயி அத்தப் புடிக்கறது இல்ல. அதுவா வந்து மாட்டிகிது" என்றார் தேசிங்கு.

"மாட்டினால் என்ன செய்வீர்கள்?"

அவர் மனைவியைப் பார்த்தார். கன்னியம்மா கூடையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"முன்னல்லாம் கூறு போட்டு வித்துருக்கேன்மா. அது முட்ட போடாது. நம்மள மாரி வவுத்துல சொமந்து ஒரே ஒரு குட்டி போடும். ஒரு தபா கரைல கெடக்க சொல்லோ குட்டி வெளிய வந்துட்சு. மணல்ல. ரெக்கைய மடிச்சுகினு, துணி சுத்துன மாரி. அன்னிலேந்து நான் அதுல கத்தி வெக்கறது இல்ல."

அடுத்த கூடையை எடுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, சாப்பிட்டாயா என்று கேட்டார். இல்லை என்றதும் வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோறும் குழம்பும் போட்டார். குழம்பில் இருந்தது சின்னத் திருக்கை, எப்போதும் கிடைக்கிற சாதாரண வகை. எங்கள் ஊரில் திருக்கையை வாழை இலையில் வைத்து, சம்பல் என்கிற மிளகாய் விழுதைத் தடவிச் சுடுவார்கள். அதைச் சாப்பிட்டே வளர்ந்தவள் நான். எந்தத் திருக்கை எவ்வளவு குட்டி போடும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கன்னியம்மாவின் குழம்பில் புளியும் பூண்டும் முன்னால் வந்தன, காரம் பின்னால் வந்தது. கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றினார்.

"நாளிக்குப் பெரிய வலை போடறோம். மழ வுட்டுட்சுன்னா காலீல வா" என்றார் தேசிங்கு.

மழை விட்டது. மூன்றாம் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் நானும் பாபுவும் கரையில் இருந்தோம். பெரிய வலை என்பது கரையிலிருந்தே இழுக்கும் வலை. படகில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிறுகளையும் இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். ஆணும் பெண்ணுமாகப் பதினைந்து இருபது பேர். கொஞ்சம் தள்ளி, பலகையில் நின்று அலையில் சறுக்கும் இளைஞர்கள். அவர்களும் கயிறு பிடிக்க வந்தார்கள். பாபு செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய் நின்றுகொண்டார். நானும் வரிசையில் சேர்ந்தேன். ஐந்து நிமிடத்தில் உள்ளங்கை எரிந்தது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வலையின் மடி, அதாவது மீன் சேரும் பை, கரையோர அலைக்குள் வந்தபோது உள்ளே ஏதோ அறைந்தது. தண்ணீர் சிதறியது. கறுப்பாக ஒரு முக்கோணம் எழுந்து விழுந்தது.

"கொம்பன்டா" என்றார் யாரோ.

கெண்டைக்கால் அளவுத் தண்ணீரில் கிடந்தது. நான் இரண்டு கையையும் விரித்தால் வரும் அகலம். வளர்ந்தது இல்லை, இளசு என்றார்கள். முதுகு கருநீலம். முகத்தின் இரண்டு பக்கமும் கொம்புபோல நீண்டிருந்த மடல்களில் ஒன்று வலைக்கண்ணில் முறுக்கிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் இருந்த கண் திறந்திருந்தது.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மேலே இழுத்துப்போட்டு நிதானமாகச் சிக்கெடுக்கலாம் என்றார்கள் சிலர். உடனே விடுவதென்றால் மடியை அறுக்க வேண்டும், அறுத்தால் அதைத் திரும்பப் பின்னி முடிக்கும் வரை தொழில் இல்லை. மழையில் ஏற்கெனவே பல நாள் வீணாகியிருந்தது. ஐஸ் பெட்டி ஏற்றிய வண்டியோடு நின்ற ஒரு வியாபாரி தேசிங்குவின் காதருகே வந்து, எனக்கும் கேட்கிற மாதிரி, "செவுள மட்டும் குடுண்ணா. மிச்சம் உன்து" என்றார். செவுளை உலர்த்தி எங்கோ வெளிநாட்டில் மருந்தென்று விற்கிறார்கள். தேசிங்கு வலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது நான் செய்ததைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய். பையிலிருந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்தேன். "அண்ணா, ஒரு பத்து நிமிஷம் மட்டும். வரைஞ்சுக்கறேன்" என்றேன். கடல் தாண்டி வந்திருக்கிறேன், இனி இப்படி ஒன்று கிடைக்குமா என்பதுதான் என் மனதில் இருந்தது.

கன்னியம்மா என்னைப் பார்த்தார். கோபமில்லை.

"அதுக்கு ஏதும்மா பத்து நிமிசம்?"

அவர் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்துக் கணவரிடம் நீட்டினார். தேசிங்கு வாங்கினார். வலைக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அவர் குனிந்து மடியை நீளமாக அறுத்தார். உள்ளே இருந்த சாளை, காரப்பொடிச் சிறுமீன்களெல்லாம் அந்த வழியாகக் கடலுக்குள் கொட்டிக்கொண்டு போயின.

நோட்டை மணலில் எறிந்துவிட்டு ஓடினேன். ஆறேழு பேர் சேர்ந்து அடியில் கை கொடுத்துத் தூக்கினோம். தோல் ஈரமான உப்புத்தாள்போல இருந்தது. அடிவயிறு வெள்ளை வெளேரென்று, ஐந்து ஐந்தாகச் செவுள் கீற்றுகளோடு, என் முழங்கையில் துடித்துக்கொண்டிருந்தது. மீனுக்குள் இவ்வளவு கனமா என்று பயந்துபோனேன். ஓர் அலை வந்து பாபுவைக் கவிழ்த்தது. எழுந்து மறுபடி பிடித்துக்கொண்டார்.

மார்பளவுத் தண்ணீரில் விட்டோம். அசையவில்லை. தேசிங்கு அதன் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டே நின்றார். இரண்டு அலை போயிற்று. மூன்றாவது அலையில் ஒரு சிறகு மெதுவாக மேலே வந்தது, பிறகு இன்னொன்று. அவர் கையை எடுத்தார். சிறகடித்துப் போனது. பறவை போனது போல என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனால் வேறு எப்படியும் அது போகவில்லை.

கரைக்கு வந்ததும் அலையில் நனைந்து கிடந்த நோட்டை எடுத்தேன். பாபு தலையிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டே, "மாட்டுக்குக் கீறா மாரி இல்லக்கா. இது ஷோக்கா கீது" என்றார்.

வியாபாரி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வலைக்காரர்கள் அறுந்த மடியை மணலில் விரித்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ஒருவர் மட்டும் முணுமுணுத்தார். மற்றவர்கள் நூலும் ஊசியுமாக வேலையைத் தொடங்கிவிட்டார்கள். கன்னியம்மா எனக்கும் வேலை கொடுத்தார், வலையின் ஓரத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். மத்தியானம் வரை பிடித்திருந்தேன். பத்து நிமிடம் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். "நீ கேட்டே, நான் இல்லன்னேன். அதோட போச்சு" என்றார்.

பிறகு நனைந்த நோட்டில் நினைவிலிருந்து வரையத் தொடங்கினேன். சுற்றி ஏழெட்டுத் தலைகள் எட்டிப் பார்த்தன.

"கொம்பு அப்டி நேரா இருக்காதும்மா. போவ சொல்லோ சுருட்டிக்கும், சாப்ட சொல்லோ பிரிச்சு வாய்க்குள்ள தண்ணிய தள்ளிவுடும்" என்றார் கன்னியம்மா.

வாலின் நீளம் தப்பு என்றார் ஒருவர். இல்லை, சரி என்றார் பாபு. ஒரு நாள் பழக்கம்தான், ஆனாலும் உறுதியாகச் சொன்னார். தேசிங்கு எழுந்து, ஈர மணலில் விரலால் ஒரே கோட்டில் அதன் உருவத்தை வரைந்தார். சிறகின் வளைவு அவ்வளவு சரியாக இருந்தது. கடலில் மேலிருந்து அதைப் பார்த்துப் பார்த்து அவர் கண்ணுக்குள் படிந்த வளைவு அது. என் கோட்டை அழித்துவிட்டு அவருடையதைப் பார்த்து வரைந்தேன். அந்தப் படத்தில் என் பெயர் மட்டும் போடுவது நியாயமில்லை.

சேலையூர் திரும்பியபோது பர்வீனின் கணவர் ஜாபர் கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்திருந்தார். கேம்ப் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். தால்ச்சாவும் நெய்ச்சோறும் சாப்பிட்டுக்கொண்டே கதை முழுவதையும் கேட்டார்.

"மீன் ஓகேக்கா. பூ?"

"அது மண்ணுக்குள்ளே தூங்குகிறது."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "நெருப்பு மாதிரி, மேல் பக்கமா எரியுற மாதிரி இருக்குமே, அதா? மறைமலை நகர்ல ஒரு கம்பெனிக்கு போல்ட் சப்ளை பண்றேன். அவங்க வேலிலயே ஏறியிருக்கே. போன வாரம்கூடப் பாத்தேன்."

பர்வீன் கணவரைப் பார்த்த பார்வையை நான் வரைந்திருக்க வேண்டும். "நாலு வருஷமா இந்தப் பூவப் பத்தி வீட்ல பேசிட்டிருக்கேன். இப்ப சொல்றீங்க."

"நீ செங்காந்தள்னு சொன்னே. அது இதுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நான்காம் நாள் காலை நானும் பர்வீனும் மறைமலை நகருக்குக் கிளம்பும்போது ராகவன் சார் வாசலில் நின்றார். மனைக்காரரோடு பேசிவிட்டாராம். கடைக்கால் தோண்டுவதற்கு முன்னால் கிழங்கை எடுத்துத் தன் சுற்றுச்சுவர் ஓரத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாதபடி வேலி கட்டி வைக்கப் போகிறார். "பேரு எழுதி ஒரு போர்டும் வைக்கலாம்னு இருக்கேன். ஸ்பெல்லிங் பாத்துக் குடுங்க மேடம்" என்றார் பர்வீனிடம்.

ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்தும் லாரியும் கம்பெனி வேன்களுமாக நகர்ந்து மறைமலை நகர் போய்ச் சேர்ந்தோம். போகிற வழியெல்லாம் அந்த நாலு வரியை யோசித்தேன். இரண்டையும் மருந்துக்காக எடுக்கிறார்கள், இரண்டும் மெதுவாகப் பெருகும். அது வரைக்கும் ஒன்று. பூவை வெட்டினால் கிழங்கு மண்ணுக்குள் பொறுத்திருக்கும். செயலாளர் மனம் மாறும் வரை, அடுத்த மழை வரும் வரை. திருக்கைக்கு அந்த அவகாசம் இல்லை. அதைப் பிடித்திருக்கிற கை அந்த நிமிடமே முடிவெடுக்க வேண்டும். செடிக்குத் தேவை நிதானமான மனிதர்கள், திருக்கைக்குத் தேவை தயங்காத மனிதர்கள். இந்த நான்கு நாளில் இரண்டு வகையையும் பார்த்துவிட்டேன்.

அந்தக் கம்பெனி கார் உதிரி பாகம் செய்வது. வாசலில் காவலுக்கு ஒரு பெண், சீருடையில். பெயர் செல்வி. ஜாபர் பெயரைச் சொன்னதும் சிரித்தார், பூ என்றதும் சிரிப்பை நிறுத்தினார்.

"உள்ள போட்டோ எடுக்கக் கூடாது மேடம். போனு இங்கயே வெச்சுடணும்."

"போட்டோ வேண்டாம். வரையலாமா?"

அவர் திரும்பிச் சுவரில் இருந்த விதிப் பலகையை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார். "வரையக் கூடாதுன்னு இதுல போடல. இருங்க" என்று உள்தொலைபேசியை எடுத்தார். "சார், ரெண்டு மேடம் வந்துக்கிறாங்க. பூ வரையணுமாம்... பூவு சார்... ஆமா சார், பூவுதான்... மலேசியாலேந்து சார்." மறுமுனை பேசுவதைக் கேட்டுத் தலையாட்டினார். "சரி சார்."

வேலி ஓரமாக அவரே கூட்டிக்கொண்டு போனார். கம்பி வேலியில் ஆளுயரத்துக்கு மேலே ஏறி நின்றது காந்தள். ஒரே கொடியில் எல்லா நிறமும் இருந்தன. மொட்டு பச்சை. விரிந்த புதிதில் மஞ்சள். ஒரு நாள் ஆனது பாதி மஞ்சள் பாதி சிவப்பு. முதிர்ந்தது முழுச் சிவப்பு. ஆறு இதழும் விளிம்பு நெளிந்து பின்னால் மேல்நோக்கி மடிந்திருக்க, மகரந்தத் தாள்கள் குடைக்கம்பிபோல நாலாபக்கமும் நீட்டியிருந்தன. ஒவ்வோர் இலையும் நுனியால் கம்பியைப் பிடித்திருந்தது. பர்வீன் பக்கத்தில் போகாமல் தள்ளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வேலைக்குச் சேந்தப்ப ஒரே கொடிதான் மேடம். பேரு தெரியாது. தீவாளி சமயத்துல வரும், அதனால பட்டாசுப் பூவுன்னு வெச்சுக்கினேன். புல்லு வெட்ற மிஷினு வர சொல்லோ நான் இங்க வந்து நின்னுக்குவேன். இந்தப் பக்கம் வேணாம்ணான்னு சொல்வேன். இப்ப மூணு எடத்துல கீது. வாங்க, காட்றேன்" என்றார் செல்வி.

மூன்றையும் காட்டினார். மூன்றாவதற்கு ஒரு கம்பியை வளைத்து ஊன்றுகோல் வைத்திருந்தார். யாரும் சொல்லித் தரவில்லை. செடிகளைக் காப்பது பற்றிய எந்தக் கூட்டத்துக்கும் அவரை யாரும் அழைத்ததில்லை. விஷம் என்று பர்வீன் சொன்னபோது, "ஆடு வாயே வெக்கல, அப்பவே நெனச்சேன்" என்றார்.

ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார். மூன்று மணி நேரம் வரைந்தேன். ஷிப்ட் மாறி வெளியே போன தொழிலாளர்கள் நின்று பார்த்தார்கள். தினமும் தாங்கள் கடந்துபோகிற வேலியை முதல் தடவையாக ஏறிட்டுப் பார்த்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். காகிதத்தில் எல்லா நிறமும் வந்து சேர்ந்த பிறகு, செல்வியிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். கீழ் இலை ஒன்றைக் காட்டி, "இத்தப் புழு சாப்ட்டுக்கிது, அதையும் போட்டுக்கிறீங்களே" என்றார். அதுதான் அவருக்குப் பிடித்திருந்தது.

வாசலுக்கு வந்தோம். பார்வையாளர் நோட்டை எடுத்து வைத்தார். எங்கள் பெயர், ஊர், வந்த நேரம் எல்லாவற்றையும் உள்ளே விடும்போதே எழுதியிருந்தார். 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டு வைத்திருந்தார்.

"இதுக்கு நெஜப் பேரு இன்னா சொன்னீங்க?" என்று பர்வீனைக் கேட்டார்.

பர்வீன் சொன்னார். எந்த 'ள' என்று கேட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, 'செங்காந்தள்' என்று அந்தக் கட்டத்தில் எழுதினார் செல்வி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து வெளியே போகும் நேரத்தைக் குறித்தார். பிறகு கையெழுத்துக்காக நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.